காலியாக இரண்டு ஸ்லாட்

ஜூலை 22, திங்கள்

ஒரு பல்லி என் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டது.

காலையில் கம்ப்யூட்டரைப் போட்டேன். உள்ளே பட்டென்று ஒரு சத்தம், கருகல் வாடை, அவ்வளவுதான். பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தால் மதர்போர்டின் மேல் நீட்டிப் படுத்திருக்கிறது பல்லி. அதுவும் போய்விட்டது, போர்டும் போய்விட்டது.

"பல்லி செத்தாத் தோசமுங்க. போய்த் தலைக்குத் தண்ணி வாத்துக்கிட்டு வாங்க" என்றாள் கோகிலா.

"கம்ப்யூட்டர் செத்ததுக்கு?"

"அதுக்கு நீங்களே உக்காந்து அழுதுக்குங்க."

பதினோரு வருஷம் உழைத்த மெஷின். சூலூரிலும் சுற்றுப்பட்டிலும் நடந்த பாதிக் கல்யாணங்களின் வீடியோ அதில்தான் வெட்டி ஒட்டப்பட்டது. ஆல்பம் பக்கங்களைக் கோகிலா செய்வாள், வீடியோ நான். அன்றைக்கு அதை வாங்கும்போது ராம் என்கிற மெமரி அட்டை மாட்ட நாலு ஸ்லாட் உள்ள போர்டாகப் பார்த்து வாங்கி, ஒன்றே ஒன்றை மாட்டினேன். "மூணு ஓட்டை சும்மா கெடக்குதே, எதுக்குங்க தண்டம்?" என்று கேட்டவள் இதே கோகிலாதான். வருஷங்கள் போகப் போக நாலும் நிரம்பின. அதை அவளுக்கு இன்றுவரை சொல்லிக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

நல்லவேளை, ஆடி மாதம். கல்யாணம் கிடையாது. ஆவணி பிறப்பதற்குள் புது மெஷின் கட்டியாக வேண்டும். கடையில் கட்டிக்கொடுத்ததை வாங்கி எனக்குப் பழக்கமில்லை. பாகம் பாகமாக வாங்கி நானே பூட்டுவேன். முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியது மதர்போர்டு. மற்ற எல்லாம் அதன் மேல்தான் வந்து உட்கார வேண்டும். அது இடம் கொடுக்கிற அளவுக்குத்தான் பின்னால் எதையும் பெரிதாக்க முடியும்.

ஜூலை 24, புதன்

கோயம்புத்தூர் போய்வந்தேன். போன வேலை இரண்டு. ஒன்று, காந்திபுரத்தில் மதர்போர்டு விசாரிப்பது. இன்னொன்று, என் கழுத்தில் உள்ள கட்டியில் ஊசியைச் செருகிக் கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவது. இரண்டாவதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

எழுதாமலும் இருக்க முடியவில்லை. டாக்டரம்மா நல்ல மாதிரி. "இப்பவே எதையும் நெனச்சுக்காதீங்க. ஒரு வாரம் பத்து நாள்ல ரிப்போர்ட் வந்துரும், போன் பண்ணுவாங்க" என்றார். எதையும் நினைக்காதே என்று சொன்னால் மனுஷன் வேறு எதை நினைப்பான்?

கோகிலாவிடம் சொல்லவில்லை. அவள் அப்பாவுக்கும் கழுத்தில்தான் ஆரம்பித்தது. மூக்கில் குழாய் வைத்துக் கஞ்சி ஊற்றி, கடைசி நாள் வரைக்கும் கூட இருந்தவள் அவள். அப்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். ரிப்போர்ட் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்.

மதர்போர்டுக்கு வருகிறேன். வழக்கம்போல பிரோஸ் கடை. என்னைக் கண்டதும் கேட்காமலே டீ சொன்னான். இரண்டு போர்டுகளை மேஜையில் வைத்தான். இரண்டிலும் நான் முடிவு செய்திருக்கும் பிராசஸர் உட்காரும். சின்னதில் ராமுக்கு இரண்டு ஸ்லாட். பின்னால் பெரிய பிராசஸர் போட்டால் அது தாங்காது. பெரியதில் நாலு ஸ்லாட், கூடுதலாக டிஸ்க் மாட்ட இடம், இனி வரப்போகும் பிராசஸர்களும் அதில் உட்காருமாம்.

"எத்தன வருசத்துக்குங்ணா பாக்கறீங்க?" என்றான்.

இதைக் கேட்காமல் எவனும் போர்டு விற்பதில்லை. நானே எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன்.  இன்றைக்குப் பேச்சை மாற்றி, கேபினெட்டில் எத்தனை விசிறி மாட்டலாம் என்று விசாரித்தேன்.

ஜூலை 25, வியாழன்

வீட்டில் பனியனோடு திரிகிற ஆள் நான். இன்று முழுக்கக் காலர் சட்டை. புழுக்கம் தாங்கவில்லை.

ஜூலை 26, வெள்ளி

சின்ன போர்டு போதும் என்று தோன்றுகிறது. நியாயமாகவே தோன்றுகிறது.

ஆல்பம் வேலைக்கு இரண்டு ஸ்லாட் தாராளம். நாலு ஸ்லாட் எல்லாம் வீடியோ செய்கிறவனுக்குத்தான். வீடியோவை நிறுத்திவிட்டு ஆல்பம் மட்டும் பார்த்துக்கொண்டால் சின்ன போர்டே மிச்சம். யார் வீடியோவை நிறுத்தப்போகிறார்கள் என்று கேட்டால், ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

தவிர, சின்ன போர்டில் குழப்பம் குறைவு. ஏதாவது கோளாறு என்றால் யார் வேண்டுமானாலும் திறந்து பார்த்துவிடலாம். கோகிலாவுக்கே புரியும்.

ஆடி கழியட்டும் என்று காத்திருக்கலாம்தான். ஆனால் வேலையை முடித்து வைத்துவிட்டால் ஒரு நிம்மதி.

ஜூலை 27, சனி

வாங்கியாயிற்று. போர்டு, பிராசஸர், இரண்டு ராம், டிஸ்க், பவர் சப்ளை, கேபினெட். பேருந்தில் எனக்கு ஒரு இருக்கை, கேபினெட்டுக்கு ஒரு இருக்கை. கண்டக்டர் இரண்டுக்கும் டிக்கெட் போட்டார்.

சின்ன போர்டை எடுத்து வைத்ததும் பிரோஸ் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "நீங்களாங்ணா பேசறது? போன தடவ என்னயப் போட்டுப் பாடாப்படுத்துனீங்களே, நாலு ஸ்லாட் இல்லாத போர்டெல்லாம் ஒரு போர்டான்னு?"

"வயசாகுதுப்பா, ஆசை குறையுது" என்றேன்.

"நாப்பத்தாறெல்லாம் ஒரு வயசுங்களா?" என்றான். நல்ல பையன்தான், கொஞ்சம் வாய் அதிகம்.

வீட்டில் அதைவிட மோசம். கோகிலா ஒவ்வொரு பெட்டியாக வாங்கிக் கீழே வைத்தவள், போர்டு பெட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"இதென்னங்க, பெட்டி இத்துனூண்டு இருக்குது?"

"சின்ன போர்டு."

"ராம் எத்தன மாட்டலாம்?"

"ரெண்டு."

"எத்தன வாங்கியிருக்கீங்க?"

"ரெண்டு."

"அப்புறம் சேத்துப் போடோணும்னா?"

"போட வேண்டியிருக்காது."

அவள் பெட்டியை ஒரு முறை திருப்பிப் பார்த்தாள். சண்டை போட்டிருந்தால் சமாளித்திருப்பேன். "நம்ம மூணு பேருக்குக் கல்யாண மண்டபத்துக்கு வெக்கிற தண்ணித் தொட்டிய மாடில வெச்ச ஆளு நீங்க" என்றாள். "புள்ளைக்கு ஒண்ணாங்கிளாஸ்ல எடுத்த மழைக்கோட்டு மூணாங்கிளாஸ்லதான் அளவா இருந்துது."

"இப்ப அதுக்கென்ன?"

"ஒண்ணுமில்லீங்க, சும்மா சொன்னேன்."

அப்புறம் ஆடியைப் பிடித்துக்கொண்டாள். ஆடியில் யாராவது புதுசாக எதையும் தொடங்குவார்களா, பதினெட்டாம் பெருக்கு அன்று சாமி கும்பிட்டுத்தான் பெட்டியைத் திறக்க வேண்டும் என்று ஒரே பிடி. எல்லாவற்றையும் சாமி அறைக்குள் தூக்கிப் போய் அடுக்கி, மேலே என் பழைய வேட்டி ஒன்றைப் போட்டு மூடிவிட்டாள். நானும் தர்க்கம் செய்யவில்லை. சாமி அறைப் பக்கம் போகிற ஆள் இல்லை நான். பெட்டிகளைப் பார்க்காமல் இருப்பதும் நல்லதுக்குத்தான்.

ஜூலை 28, ஞாயிறு

சும்மா இருக்க முடியவில்லை. பழைய மெஷினின் கேபிள்களை எல்லாம் கழற்றித் துடைத்து, ஒவ்வொன்றின் கழுத்திலும் வெள்ளை டேப் ஒட்டிப் பெயர் எழுதினேன். 'இது டிஸ்க்குக்கு', 'இது மானிட்டருக்கு', 'இதை இழுக்காதே, கொக்கியை அமுக்கு'. புது மெஷினிலும் இதே மாதிரி ஒட்டிவிடுவதாக இருக்கிறேன்.

காப்பி கொண்டுவந்த கோகிலா ஒன்றை எடுத்துப் படித்தாள். "இதெல்லாம் ஆருக்குங்க எழுதறீங்க? நீங்கதான் கண்ண மூடிட்டு மாட்டுவீங்களே."

"மறந்துபோகும்ல."

"உங்களுக்கா?"

டம்ளரை வைத்துவிட்டு என் கழுத்தையே பார்த்தாள். மேல் பொத்தான் போடாமல் இருந்துவிட்டேன்.

"அங்க என்னங்க பிளாஸ்திரி?"

"ஷேவ் பண்றப்பக் கீறிருச்சு."

"அவ்வளவு கீழயா?"

"புது பிளேடு."

நம்பிவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன். மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டாள்.

ஜூலை 30, செவ்வாய்

கோகிலா ஆடித் தள்ளுபடிக்கு என்று காந்திபுரம் போனாள். என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் சாக்கு வைத்திருந்தேன், வீணாகிவிட்டது. போகும்போதே கட்டைப்பை புடைத்துக்கொண்டிருந்தது. என்ன என்று கேட்டதற்கு, ஜாக்கெட் துணி, மாற்ற வேண்டும் என்றாள்.

சாயங்காலம் திரும்பினாள். ஒரு சேலை இல்லை, ஒரு துண்டு இல்லை, கைக்குட்டைகூட இல்லை. ஆடித் தள்ளுபடிக்குப் போன பெண் வெறுங்கையோடு வந்தது கோயம்புத்தூர் ஜில்லாவிலேயே இதுதான் முதல் தடவையாக இருக்கும். போன கட்டைப்பை மட்டும் போனதைவிடப் பெரிதாகப் புடைத்துத் திரும்பியது.

"துணியை மாத்தினியா?"

"மாத்தியாச்சுங்க" என்றபடி நேராகச் சாமி அறைக்குப் போய் விளக்கேற்றினாள். கொஞ்ச நேரம் உள்ளேயே இருந்தாள். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. சாம்பிராணிப் புகை அவளுக்கு ஒத்துக்கொள்வதில்லை.

ஜூலை 31, புதன்

போன் வரவில்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்

மத்தியானம் தெரியாத எண்ணிலிருந்து ஒரு அழைப்பு. சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் ஓடினேன். பச்சைப் பொத்தானைத் தள்ளுவதற்குள் இரண்டு முறை தவறிவிட்டது.

"சார், உங்களுக்கு பர்சனல் லோன் வேணுங்களா?" என்றது ஒரு பெண் குரல்.

வேறு நாளாக இருந்தால் கடித்துக் குதறியிருப்பேன். இன்றைக்கு அந்தப் பெண் மேல் அப்படி ஒரு பிரியம் வந்துவிட்டது. ஊர் எது, சாப்பிட்டாயா, வேலை எப்படி என்றெல்லாம் விசாரித்தேன். கடைசியில் அவளே, "சார், வெக்கட்டுங்களா, மத்த கால் பேசணும்" என்று கெஞ்சி வைத்தாள்.

பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், போதும்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

ஒன்றும் இல்லை!

இன்னொரு முறை எழுதிக்கொள்கிறேன். ஒன்றும் இல்லை. காலையில் போன் வந்தது, நேரில் வரச் சொன்னார்கள். நேரில் வரச் சொன்னாலே கதை முடிந்தது என்று எண்ணிக்கொண்டு போனேன். சந்தைக்கு ஆட்டை ஓட்டிப்போகிற மாதிரி என் காலை நானே ஓட்டிக்கொண்டு போனேன். டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து சிரித்தார். "சாதாரணக் கட்டிதாங்க. கெடுதல் ஒண்ணுமில்ல. ஆறு மாசத்துக்கு ஒருக்கா வந்து ஸ்கேன் மட்டும் பண்ணிக்குங்க."

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதான். வேற எதாச்சும் வேணுங்களா?" என்றார்.

வெளியே வந்து ரோட்டுக்கடையில் காளான் வாங்கி நின்றபடியே சாப்பிட்டேன். ஒரு தட்டு முடித்து இன்னொரு தட்டு. கண்ணில் தண்ணீர் வழிந்தது. காரம் என்று கடைக்காரர் நினைத்திருப்பார், கேட்காமலே கொஞ்சம் வெங்காயம் தூவினார். அழுதேன் என்பதை இங்கே ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. வயிறு முட்டச் சாப்பிட்டுக்கொண்டே அழுதது இதுதான் முதல் தடவை.

சூலூர் பேருந்தில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. சிங்காநல்லூர் தாண்டுவதற்குள் சந்தோஷம் போய்க் கோபம் வந்துவிட்டது. கோபம் அந்தப் போர்டின் மேல். இரண்டே இரண்டு ஸ்லாட்! இன்னும் எத்தனை ஆவணி, எத்தனை முகூர்த்தம், அத்தனைக்கும் இந்தத் தீப்பெட்டியை வைத்துக்கொண்டா குப்பை கொட்டப்போகிறேன்? எந்த மடையன் இதை வாங்கினான்? பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். வாய்விட்டே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது.

கோகிலாவிடம் உடனே சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாசல் ஏறினேன். அவள் நாளைய ஆடிப்பெருக்கு நோன்புக்கு வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு அம்மாள் அருகில் உட்கார்ந்து யார் வீட்டுக் கதையோ பேசிக்கொண்டிருந்தார். காய்கிற எண்ணெய்ச் சட்டியின் முன்னால் நிற்பவளிடம் சொல்கிற சேதி இல்லை இது. நாளைக் காலையில் சொல்கிறேன். முதலில் போர்டை மாற்ற வழி பார்க்க வேண்டும். பெட்டியை இன்னும் யாரும் பிரிக்கவில்லை, பிரோஸ் திருப்பி எடுத்துக்கொள்வான்.

சட்டையைக் கழற்றிப் பனியனோடு வந்து உட்கார்ந்தேன். கோகிலா எட்டிப் பார்த்தாள். சுடச்சுட ஒரு கச்சாயத்தைக் கையில் வைத்துவிட்டுப் போனாள். அடி கொஞ்சம் கருகியிருந்தது, ஆனாலும் அமிர்தம்.

ஆகஸ்ட் 3, சனி. ஆடிப் பதினெட்டு

காலையில் கோகிலா கோலம் போட்டுக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து பிரோஸுக்குப் போன் செய்தேன்.

"பிரோஸ், அந்த போர்டை மாத்தணும்ப்பா. பெட்டிய இன்னும் பிரிக்கல. எனக்கு அந்த நாலு ஸ்லாட்டே குடுத்துரு. இன்னிக்கே வாரேன்."

மாற்றுவதா என்று மறுமுனையில் இழுத்தான்.

"என்னப்பா, முடியாதா?"

"எந்த போர்டுங்ணா? அதத்தான் அக்கா செவ்வாக்கெழமையே வந்து மாத்தி எடுத்துட்டுப் போயிட்டாங்களே."

"எந்த அக்கா?"

"உங்க வீட்டுக்காரம்மாதாங்ணா. பெரிய கட்டைப்பையில கொண்டாந்தாங்க. 'எங்க வீட்டுக்காரரு தப்பா வாங்கிட்டு வந்துட்டாரு, இருக்கறதுலயே நெறைய எடம் இருக்கற போர்டாக் குடுங்க'ன்னாங்க. உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னும் சொன்னாங்க. அய்யய்யோ, நான் சொல்லிட்டனா?"

போனை வைத்துவிட்டுச் சாமி அறைக்குள் போனேன். பழைய வேட்டியை விலக்கினேன். எல்லாவற்றுக்கும் மேலே பெரிய பெட்டி. அதன் நடுவில் ஒரு குங்குமப் பொட்டு.

செவ்வாய்க்கிழமை. ரிப்போர்ட் வந்ததோ வெள்ளிக்கிழமை. நானே என்னைக் கைகழுவிவிட்டு உட்கார்ந்திருந்த நாளில், அவள் இதைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் வந்திருக்கிறாள். எனக்கு அங்கேயே உட்காரத் தோன்றியது, உட்கார்ந்தேன்.

கோலமாவுக் கிண்ணத்தோடு வந்த கோகிலா நிலைப்படியில் நின்றாள். பெட்டியையும் என்னையும் பார்த்தாள்.

"அந்தப் பையனுக்கு வாயில ஒண்ணும் நிக்காது" என்றாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டி, ஊசி, டாக்டரம்மா, நேற்றைய ரிப்போர்ட். சாதாரணக் கட்டி என்பதை முதலில் சொல்லியிருக்க வேண்டும். முறையாக ஆரம்பத்திலிருந்து சொல்லப்போய், பாதியில் அவள் முகம் வெளுத்துவிட்டது. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்க" என்று கத்தினேன்.

கிண்ணத்தைக் கீழே வைத்தாள். என் மேல் பொத்தானைப் பார்த்தாள். பொத்தானே இல்லை, பனியன்தான் போட்டிருந்தேன். விரலால் அந்த இடத்தைத் தொட்டாள், கோலமாவு ஒட்டிக்கொண்டது. அப்புறம் என் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். நல்ல அடி.

"ஒரு வார்த்த சொல்ல வேண்டாமுங்களா? நான் என்ன, பாத்துக்க மாட்டனா? எங்கய்யனப் பாத்துக்கல?"

"அதனாலதான் சொல்லல."

அழுதாள். நானும்தான். சாமி அறையில் ஆடிப் பதினெட்டு அன்று இப்படி உட்கார்ந்து அழுதால் எந்தச் சாமி ஒத்துக்கொள்ளும் என்று தெரியவில்லை.

கொஞ்சம் அடங்கியபிறகு கேட்டேன். "உனக்கு எப்படித் தெரியும்?"

"என்னன்னு தெரியாதுங்க. சத்தியமாத் தெரியாது. ஆனா நீங்க கொறச்சு வாங்கியிருந்தீங்க. இத்தன வருசத்துல ஒரு நாளு நீங்க எதையும் கொறச்சு வாங்கி நான் பாக்கல. அந்தப் பெட்டியக் கையில வாங்குனதுமே என்னமோ சரியில்லன்னு தெரிஞ்சுபோச்சு. அது இந்த வூட்டுல இருக்கக்கூடாதுன்னு தோணுச்சு. கொண்டு போயிக் குடுத்துட்டு வந்துட்டேன்."

"ஒருவேளை ரிப்போர்ட் வேற மாதிரி வந்திருந்தா?"

"வந்திருந்தாலும் இதத்தான் மாட்டியிருப்பீங்க" என்று எழுந்தாள். "சித்தெ இருங்க, கற்பூரம் காட்டிட்டு வாரேன். அப்புறம் பிரிங்க."

பூஜை முடிந்து, கச்சாயம் சாப்பிட்டு, முன்னறையில் பாயை விரித்துப் பெட்டிகளைப் பிரித்தோம். இந்த முறை கோகிலாவும் கூட உட்கார்ந்தாள். போர்டைப் பொருத்தித் திருகாணிகளை முடுக்கினேன். பிராசஸரை வைத்தேன். கேபிள்களில் பெயர் ஒட்ட வெள்ளை டேப்பை எடுத்தேன். அவள் அதைக் கையிலிருந்து பிடுங்கி ஜன்னல் வழியாக வீசிவிட்டாள்.

"எந்தக் கேபிள் எதுன்னு நீங்களே இருந்து மாட்டுங்க" என்றாள்.

ராமை அவளையே மாட்டச் சொன்னேன். ஒன்று விட்டு ஒன்றாக இரண்டையும் வைத்து அழுத்தினாள். இரண்டும் கிளிக் கிளிக் என்று உட்கார்ந்தன. ஸ்விட்சைத் தட்டியதும் விசிறி சுற்றியது, மானிட்டரில் வெளிச்சம் வந்தது. எனக்குப் பல்லி ஞாபகம் வந்து, கேபினெட்டின் எல்லா ஓட்டைகளுக்கும் வலை ஒட்டினேன்.

மூடுவதற்கு முன் கோகிலா உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"இந்த ரெண்டு ஓட்டை சும்மா கெடக்குதே. இதுல எப்பங்க போடுவீங்க?"

"அதுக்கென்ன அவசரம்?" என்றேன். "மெதுவாப் போட்டுக்கலாம்."

தகட்டைப் பூட்டினேன்.